ஒரு மணி நேரம் எப்போது தொடங்குகிறது?

2025 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், வாசலில் கோலம் போட்டுவிட்டு வாளியுடன் திரும்பிய என் அம்மா ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார். அவருக்கு வயது 71. இடது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருந்தது. திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் காலை எட்டு மணிக்குச் சேர்த்தோம். எக்ஸ்ரே படத்தைப் பார்த்த எலும்பு மருத்துவர், இந்த வயதில் இந்த முறிவுக்கு அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்றும், படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் நுரையீரலில் சளி கட்டுவதற்கும் காலில் இரத்தம் உறைவதற்கும் இடம் கொடுக்கும் என்றும், இரண்டு நாள்களுக்குள் முடித்துவிட வேண்டும் என்றும் சொன்னார். அம்மாவின் பெயரில் 2017 முதல் ஓர் ஆண்டும் விடாமல் புதுப்பித்து வந்த ஐந்து லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு இருந்தது. காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துள்ள நெட்வொர்க் மருத்துவமனைகளின் பட்டியலில் அந்த மருத்துவமனையும் இருந்தது. ஆகவே கேஷ்லெஸ் அனுமதி, அதாவது சிகிச்சைச் செலவை நாங்கள் கட்டாமல் நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கொடுப்பதற்கான ஒப்புதல், கேட்பது என்று முடிவு செய்தோம்.

அன்று காலையில் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. கேஷ்லெஸ் கோரிக்கைக்குக் காப்பீட்டு நிறுவனம் ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்ற விதி வந்திருப்பதை நான் படித்திருந்தேன். ஆனால் எட்டு மணிக்குச் சேர்த்த அம்மாவுக்கு அனுமதி வந்தது மாலை 4.10 மணிக்கு. இந்த எட்டு மணி நேரத்தில் எந்த மணி நேரம் யாருடையது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வாரங்கள் பிடித்தன. அதைப் பிறருக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் விதி. காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., 2024 மே 29 அன்று மருத்துவக் காப்பீடு குறித்து ஒரு தலைமைச் சுற்றறிக்கையை வெளியிட்டது. அதற்கு முன் வெவ்வேறு காலங்களில் வந்திருந்த 55 சுற்றறிக்கைகளை நீக்கிவிட்டு, அவற்றின் இடத்தில் வந்த ஒற்றை ஆவணம் அது. கேஷ்லெஸ் அனுமதி கேட்டு வரும் கோரிக்கையின் மீது நிறுவனம் உடனடியாக, எப்படியும் கோரிக்கை கிடைத்த ஒரு மணி நேரத்துக்குள், முடிவெடுக்க வேண்டும் என்றும், மருத்துவமனையிடமிருந்து டிஸ்சார்ஜ் கோரிக்கை கிடைத்த மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதியைத் தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. மூன்று மணி நேரத்தைத் தாண்டிய தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாக ஏதேனும் வசூலித்தால், அந்தத் தொகையை நிறுவனம் தன் பங்குதாரர் நிதியிலிருந்து ஏற்க வேண்டும். இந்தக் கடைசிச் சொற்றொடரை நான் மிகவும் மதிக்கிறேன். தாமதத்தின் விலை நாம் எல்லோரும் கட்டிய பிரீமியத்திலிருந்து போகாமல், நிறுவனத்தின் உரிமையாளர்களுடைய பணத்திலிருந்து போக வேண்டும் என்று அதை எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள். சிகிச்சையின்போது நோயாளி இறந்துவிட்டால் கோரிக்கையை உடனே தீர்த்து உடலை விடுவிக்கச் செய்ய வேண்டும் என்ற வரியும் அதில் உண்டு. இவற்றுக்கான ஏற்பாடுகளைச் செய்து முடிக்க நிறுவனங்களுக்கு 2024 ஜூலை 31 வரை அவகாசம் கொடுக்கப்பட்டது.

இந்த விதியின் அருமை, அது இல்லாத காலத்தைப் பார்த்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். 2019இல் என் அப்பாவுக்குப் பித்தப்பைக் கல் அறுவை சிகிச்சை நடந்தபோது, காலை ஒன்பது மணிக்கு மருத்துவர் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னார். இறுதி அனுமதி வந்தது இரவு 8.40க்கு. சர்க்கரை நோயாளியான அப்பா, உடை மாற்றி, பையைக் கட்டி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தே அந்தப் பகல் முழுவதையும் கழித்தார். அடுத்த நோயாளிக்கு அறை வேண்டும் என்று மதியமே ஆள் வந்துவிட்டதால் மாலையில் கூடத்து நாற்காலிக்கு மாறினார். அறை வாடகை மட்டும் இன்னொரு நாளுக்குச் சேர்ந்தது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கட்டிவிட்டு வந்தோம். 2020 ஏப்ரலில், கொரோனா தொடங்கிய பிறகு, அனுமதிக்கும் டிஸ்சார்ஜுக்கும் இரண்டு மணி நேரம் என்று ஆணையம் வரையறுத்தது. 2021 ஏப்ரலில், படுக்கைக்காக மக்கள் வாசலில் காத்திருக்க, உள்ளே குணமானவர்கள் பில் ஒப்புதலுக்காகப் படுக்கையை விட முடியாமல் இருந்த நாள்களில், டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்டது. மறுநாளே கொரோனா நோயாளிகளின் கோரிக்கைகளுக்கு 60 நிமிடம் என்று ஆணையம் உத்தரவிட்டது. 2024இல் வந்த ஒரு மணி நேரம் அந்த வழியில் வந்ததுதான்.

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, அம்மாவின் அறுவை சிகிச்சை பற்றித் தொலைபேசியில் பேசும்போது இந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டு நம்ப மறுத்தான். அங்கே முன் அனுமதி என்பது பெரும்பாலும் ஸ்கேனுக்கோ மருந்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ நாள் குறிக்கும் முன் நடப்பது. மெடிகேர் அட்வான்டேஜ், மெடிகெய்ட் போன்ற அரசு சார்ந்த திட்டங்களுக்கு, அவசரக் கோரிக்கை என்றால் 72 மணி நேரம், சாதாரணக் கோரிக்கை என்றால் ஏழு நாள்கள் என்று 2024 ஜனவரியில் விதி எழுதி, அதை 2026 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவருவதாக அறிவித்திருந்தார்கள். எண்ணை வைத்துப் பார்த்தால் நம் விதி மிகவும் முன்னால் நிற்கிறது. ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்கும் இடம் எது என்பதைப் பொறுத்தே அந்த எண்ணுக்கு மதிப்பு.

அன்று நடந்ததைக் கைப்பேசிக் குறிப்புகளிலிருந்து அப்படியே சொல்கிறேன். எட்டு மணிக்கு அம்மாவைச் சேர்த்தோம். இன்சூரன்ஸ் கவுண்டர் ஒன்பதரைக்குத்தான் திறந்தது. அதுவரை ஐம்பதாயிரம் ரூபாய் முன்பணம் கட்டச் சொன்னார்கள், கட்டினோம். பத்தரைக்கு முன் அனுமதிப் படிவத்தில் எங்கள் பகுதியை நிரப்பிக் கொடுத்தோம். அந்தப் படிவத்தில் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் நிரப்பிக் கையெழுத்திட வேண்டிய பகுதி ஒன்று உண்டு. நோய் என்ன, எத்தனை நாளாக, என்ன சிகிச்சை, தோராயச் செலவு எவ்வளவு என்பவை அதில் வர வேண்டும். மருத்துவர் வேறோர் அறுவை சிகிச்சையில் இருந்ததால் அது 12.15 வரை காத்திருந்தது. கவுண்டரில் இருந்த பெண் அதை ஸ்கேன் செய்து ஏற்றியபோது மணி 12.50. காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து கோரிக்கை எண்ணுடன் எனக்குக் குறுஞ்செய்தி வந்தது 12.52க்கு.

ஆகவே எங்களுக்கு எட்டு மணிக்குத் தொடங்கிய காத்திருப்பு, விதியின் கணக்கில் 12.52க்குத்தான் தொடங்குகிறது. இடையில் போன ஏறக்குறைய ஐந்து மணி நேரத்துக்கு விதியில் இடமே இல்லை. ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் அதிகாரம் காப்பீட்டு நிறுவனங்களோடும் அவர்களுக்காகக் கோரிக்கைகளைக் கையாளும் டி.பி.ஏ. எனப்படும் இடைநிலை நிறுவனங்களோடும் நின்றுவிடுகிறது. தனியார் மருத்துவமனை எத்தனை மணிக்குப் படிவத்தை அனுப்ப வேண்டும் என்று அதனால் கட்டளையிட முடியாது. மருத்துவமனைகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்துவது தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் மாநில அரசின் பொறுப்பு. நோயாளியைச் சேர்த்த இத்தனை மணி நேரத்துக்குள் கேஷ்லெஸ் கோரிக்கையை அனுப்ப வேண்டும் என்று அந்தப் பக்கத்திலும் ஒரு வரம்பு வராத வரையில், மறுபக்கத்தில் எழுதப்பட்ட ஒரு மணி நேரம் நோயாளிக்குப் பாதிதான் பயன்படும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் அந்தப் பகுதியில் குடும்பத்தால் செய்யக்கூடியதும் உண்டு. மருத்துவரின் கையெழுத்துக்காகப் படிவம் மேசையில் கிடந்தபோது நான் கவுண்டர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அன்று தெரிந்திருந்தால், அறுவை சிகிச்சை அரங்கின் முன் இருக்கும் செவிலியரிடமோ, அந்த மருத்துவரின் உதவி மருத்துவரிடமோ படிவத்தை நானே கேட்டுக்கொண்டு சேர்ப்பித்திருப்பேன். உதவி மருத்துவரும் நிரப்பலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. கவுண்டரில் இருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்த ஒரு பெண்ணின் மேசையில் அன்று முப்பதுக்கும் மேற்பட்ட கோப்புகள் இருந்தன, மதியச் சாப்பாட்டுக்குக்கூட அவர் எழுந்ததை நான் பார்க்கவில்லை. அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி "அனுப்பிவிட்டீர்களா?" என்பதல்ல, "எத்தனை மணிக்கு ஏற்றினீர்கள், கோரிக்கை எண் என்ன?" என்பதே. முதல் கேள்விக்கு "அனுப்பியாச்சு சார்" என்ற பதில்தான் எப்போதும் வரும். இரண்டாவது கேள்விக்கு அவர் கணினியைத் திருப்பிப் பார்த்தே பதில் சொல்லியாக வேண்டும்.

12.52க்குத் தொடங்கிய ஒரு மணி நேரத்தில் 52 நிமிடங்கள் கடந்து, 1.44க்குப் பதில் வந்தது. அது அனுமதியும் இல்லை, மறுப்பும் இல்லை. இன்சூரன்ஸ் கவுண்டரில் எல்லோரும் க்வெரி என்று சொல்லும் விளக்கக் கேள்வி. விபத்து எப்படி நேர்ந்தது என்று நோயாளியின் தரப்பில் கையெழுத்திட்ட அறிக்கை வேண்டும், காவல் துறைக்குத் தகவல் கொடுக்கப்பட்டதா என்று சொல்ல வேண்டும், விழுந்தபோது மது அருந்தியிருந்தாரா என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும், இரத்த அழுத்தம் எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதற்கு முதல் சிகிச்சைச் சீட்டு வேண்டும். வாசலில் கோலம் போட்டுவிட்டு விழுந்த 71 வயதுப் பெண்மணியைப் பற்றி மதுவைக் கேட்டது எனக்கு மிகவும் வலித்தது. எலும்பு முறிவுக் கோரிக்கை ஒவ்வொன்றிலும் கேட்கப்படும் கேள்வி அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். வழக்கமாகக் கேட்கப்படுவது என்றால் அதற்கான பதிலை முதலிலேயே இணைத்து அனுப்பிவிடலாமே என்ற பாடமும் அதிலேயே இருக்கிறது. விழுந்தோ அடிபட்டோ சேர்க்கப்படும் நோயாளி என்றால், எங்கே, எத்தனை மணிக்கு, எப்படி விழுந்தார் என்று அரைப்பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, மது சார்ந்த விபத்து இல்லை என்ற மருத்துவரின் ஒரு வரிக் குறிப்பையும் சேர்த்து, முதல் கோரிக்கையுடனேயே கொடுத்துவிடுங்கள். எங்கள் விஷயத்தில் அது ஒரு மணி நேரத்துக்கும் மேல் மிச்சப்படுத்தியிருக்கும்.

நான்காவது கேள்விதான் ஆபத்தானது, அதை வரவழைத்தவன் நானே. காலையில் அவசரப் பிரிவில், பணியில் இருந்த இளம் மருத்துவர் அம்மாவின் கையில் ஊசி ஏற்றிக்கொண்டே, "பி.பி. எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டார். அம்மா வலியில் முனகிக்கொண்டிருந்தார். நான், "பத்து வருஷம் இருக்கும் டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்ன பதில் அல்ல, வாயில் வந்த எண். அதை அவர் அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதினார். அங்கிருந்து அது முன் அனுமதிப் படிவத்துக்கு ஏறியது. பாலிசி தொடங்கியது 2017இல். பத்து ஆண்டு என்றால் 2015. ஆக, நோயை மறைத்துப் பாலிசி எடுத்தார் என்று சொல்வதற்கு என் வாயாலேயே ஆதாரம் கொடுத்திருந்தேன்.

உண்மையில் அம்மாவுக்கு இரத்த அழுத்தம் கண்டறியப்பட்டது 2021 கடைசியில். அந்த ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த பெண் சுகாதாரத் தன்னார்வலர்தான் முதன்முதலில் அளந்து பார்த்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னார். அங்கே கொடுத்த அட்டை, தேதியுடன், பூஜை அறை அலமாரியில் இருந்தது. என் மனைவி வீட்டுக்குப் போய் அதை எடுத்துவந்தார். மருத்துவர் அதைப் பார்த்து, கேஸ் ஷீட்டில் இருந்த தவறான குறிப்பைத் திருத்தி, தேதியும் நேரமும் இட்டுக் கையெழுத்திட்டு, தனியாக ஒரு விளக்கக் கடிதமும் கொடுத்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுதிக்கொடுத்த அந்தச் சிறிய அட்டை இல்லாமல் போயிருந்தால், நாங்கள் மாதக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டிருந்திருப்போம்.

நோயாளியுடன் வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடிய மிக முக்கியமான பாடம் இதுதான். அவசரப் பிரிவில் கேட்கப்படும் "எத்தனை வருஷமா?" என்ற கேள்வி மருத்துவத்துக்கான கேள்வி, ஆனால் அதற்கான பதில் காப்பீட்டு ஆவணமாகவும் மாறுகிறது. உறுதியாகத் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள், அல்லது மருந்துச் சீட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். எதையும் மறைக்கச் சொல்லவில்லை. இருக்கும் நோயை மறைப்பது சிகிச்சைக்கும் கேடு, காப்பீட்டுக்கும் கேடு. ஊகத்தைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் அன்றே நான் அறிந்திருக்க வேண்டும். 60 மாதங்கள் தொடர்ந்து பாலிசி நடப்பில் இருந்தால், அதன் பிறகு பழைய நோயைத் தெரிவிக்கவில்லை என்ற காரணத்தைச் சொல்லி நிறுவனம் கோரிக்கையை எதிர்க்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே முடியும். முன்பு எட்டு ஆண்டுகளாக இருந்த இந்த வரம்பு 2024இல் ஐந்து ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. அம்மாவின் பாலிசி எட்டு ஆண்டுகளைத் தொட்டிருந்தது. இதை மருத்துவரின் கடிதத்துடன் ஒரு வரியாகச் சேர்த்திருந்தால் கேள்வி அங்கேயே முடிந்திருக்கும். பாலிசி தொடங்கிய தேதி எத்தனை பேருடைய நினைவில் இருக்கிறது? முதல் ஆண்டின் பாலிசிப் பத்திரத்தை எறிந்துவிடாதீர்கள். புதுப்பிப்பு ரசீதுகள் ஒவ்வொன்றும் அந்த 60 மாதத்துக்குச் சாட்சி.

3.20க்குப் பதில்கள் ஏற்றப்பட்டன. 4.10க்கு அனுமதி வந்தது, மருத்துவர் எழுதிய 2,60,000 ரூபாய் மதிப்பீட்டுக்கு முதற்கட்டமாக ஒரு லட்சம். இதைப் பார்த்து என் மனைவி கலங்கிவிட்டார். முதல் அனுமதி பெரும்பாலும் பகுதித் தொகைக்குத்தான் வரும், சிகிச்சை நடக்க நடக்க மருத்துவமனை கூடுதல் தொகைக்குக் கேட்கும், இறுதி பில்லுடன் மொத்தமும் முடிவாகும் என்று கவுண்டர் பெண் விளக்கினார். அப்படியே நடந்தது. மறுநாள் நண்பகலில் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

12.52க்கும் 4.10க்கும் இடையில் மூன்று மணி பதினெட்டு நிமிடங்கள். இதை ஒரு மணி நேரத்துக்குள் வந்த பதில் என்று நிறுவனம் எப்படிக் கணக்கிடுகிறது? ஒவ்வொரு க்வெரியும் கடிகாரத்தை நிறுத்துகிறது, கடைசி ஆவணம் வந்த பிறகு அது மறுபடியும் முதலிலிருந்து ஓடுகிறது என்பது அவர்கள் கணக்கு. 3.20இலிருந்து 4.10 வரை 50 நிமிடங்கள் என்று பிறகு எனக்கு எழுதிய பதிலில் குறிப்பிட்டிருந்தார்கள். 2020இல் வந்த இரண்டு மணி நேர உத்தரவில், கடைசியாகத் தேவைப்பட்ட ஆவணம் கிடைத்ததிலிருந்து என்ற சொற்கள் வெளிப்படையாகவே இருந்தன. 2024 சுற்றறிக்கையில் கோரிக்கை கிடைத்ததிலிருந்து என்று மட்டுமே இருக்கிறது. அந்தச் சொற்கள் விடப்பட்டதற்கு ஒரு பொருள் இருந்தாக வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நியாயமான சந்தேகம் எழுந்தால் கேள்வி கேட்க வேண்டும்தான். ஆனால் 52ஆவது நிமிடத்தில் கேட்பதும், எல்லாக் கோரிக்கைக்கும் கேட்கிற அச்சடித்த கேள்வியைக் கேட்பதும், ஒரு மணி நேரத்தை எழுத்தில் காப்பாற்றி நடைமுறையில் நீட்டிக்கும் வழியாகிவிடுகிறது. கேள்வி இருந்தால் முதல் இருபது நிமிடத்துக்குள் ஒரே தடவையில் கேட்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்ந்தால் போதும்.

அதே தளத்தில் அடுத்த அறையில் இருந்த பெரியவருக்கு அன்று கேஷ்லெஸ் மறுக்கப்பட்டது. காப்பீடே கிடையாது என்று நினைத்துக்கொண்ட அவருடைய மகன், அறுவை சிகிச்சையை ஒத்திவைத்து அப்பாவை வீட்டுக்கு அழைத்துப்போக அறையைக் காலி செய்துகொண்டிருந்தார். கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். தொலைவிலிருந்து பார்த்து முடிவு செய்யப் போதிய விவரம் இல்லாததால் கேஷ்லெஸ் வசதி தர இயலவில்லை, சிகிச்சை முடிந்தபின் ஆவணங்களுடன் விண்ணப்பிக்கலாம் என்றே அதில் இருந்தது. கேஷ்லெஸ் மறுக்கப்படுவது வேறு, காப்பீட்டுத் தொகை மறுக்கப்படுவது வேறு. முதலாவது நடந்தாலும் பணம் கட்டிச் சிகிச்சை பெற்று, பின்னர் பில்லையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கொடுத்து ரீ-இம்பர்ஸ்மென்ட் கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. உறவினர்களிடம் கைமாற்று வாங்கி அவர் அன்று மாலையே மனத்தை மாற்றிக்கொண்டார். எத்தனை குடும்பங்கள் இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் திரும்பிப் போகின்றனவோ என்ற எண்ணம் என்னை இன்னும் விட்டபாடில்லை.

டிஸ்சார்ஜ் நாளுக்கு நான் ஓரளவு தயாராக இருந்தேன். முந்தின நாள் மாலையே டிஸ்சார்ஜ் சம்மரியின் வரைவைக் கேட்டு வாங்கி, பெயர், வயது, சேர்த்த தேதி, விபத்து நடந்த விதம், இரத்த அழுத்தத்தின் காலம் எல்லாம் படிவத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று வரி வரியாகப் பார்த்தேன். மீதி மருந்துகளைப் பார்மசியில் திருப்பிக் கொடுத்தேன். ஆனாலும் ஒன்றைத் தவறவிட்டேன். மூட்டில் பொருத்திய செயற்கை உறுப்பின் ஸ்டிக்கரும் அதை வாங்கிய ரசீதும் இறுதி பில்லுடன் போக வேண்டும். எலும்பில் தகடோ, இதயத்தில் ஸ்டென்டோ, கண்ணில் லென்ஸோ வைத்தாலும் இதுவேதான். காலை 8.35க்கு மருத்துவர் போகலாம் என்றார். பதினொன்றுக்கு பில் அனுப்பியாகிவிட்டது என்றார்கள். என் கைப்பேசியில் குறுஞ்செய்தி வரவில்லை, எனவே போகவில்லை என்று எனக்குத் தெரிந்தது. உண்மையில் போனது 1.10க்கு. 2.30க்கு ஸ்டிக்கரும் ரசீதும் கேட்டார்கள். 3.05க்குக் கொடுத்தோம். 4.40க்கு இறுதி அனுமதி வந்தது. கோரிக்கை கிடைத்ததிலிருந்து மூன்றரை மணி நேரம்.

"ராத்திரிக்குள்ள வீட்டுக்குப் போயிடலாமாப்பா?" என்று அம்மா மட்டும் அரை மணிக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவின் அந்த இரவு அவருக்கு மறக்கவில்லை.

மதியம் பன்னிரண்டைத் தாண்டியதால் பில்லில் அரை நாள் அறை வாடகை 2,250 ரூபாய் சேர்ந்திருந்தது. இது காப்பீட்டு நிறுவனத்தின் மூன்று மணி நேரத்தைத் தாண்டியதால் வந்ததல்ல, மருத்துவமனை பில்லை அனுப்பவே 1.10 ஆனதால் வந்தது. ஆகவே பங்குதாரர் நிதி என்ற வரி இங்கே உதவாது. நான் பில்லிங் மேலாளரிடம் போய், கேஸ் ஷீட்டில் மருத்துவர் 8.35 என்று நேரமிட்டு எழுதியதையும், என் கைப்பேசியில் 1.12க்கு வந்த குறுஞ்செய்தியையும் காட்டி, இடையில் நாங்கள் அறையில் இருந்தது உங்கள் அலுவலகத்துக்காக, எங்களுக்காக அல்ல என்று அமைதியாகச் சொன்னேன். அவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அந்த வாடகையை நீக்கினார். குரலை உயர்த்தியிருந்தால் நீக்கியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். கையில் நேரக் குறிப்பு இல்லாமல் போயிருந்தாலும் நீக்கியிருக்க மாட்டார்.

மொத்த பில் 2,48,600. அனுமதித்தது 2,23,100. கழித்த 25,500 ரூபாயில் 8,400 கையுறை, பதிவுக் கட்டணம் போன்ற, பாலிசியில் வராது என்று முன்பே தெரிந்த இனங்கள். மீதி 17,100க்குப் பாலிசி விதிகளின்படி என்று மட்டுமே எழுதியிருந்தது. முழுவதும் மறுத்தாலும் பகுதியைக் குறைத்தாலும், பாலிசியின் எந்த விதிப்படி என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று அதே 2024 சுற்றறிக்கை சொல்கிறது. அதை மேற்கோள் காட்டி நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், ஆணையத்தின் புகார் இணையதளமான பீமா பரோசாவிலும் பதிந்தேன். 155255 என்ற எண்ணில் தொலைபேசியிலும் புகார் சொல்லலாம். பன்னிரண்டாம் நாள் 12,400 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்தது. மீதி 4,700க்கு எந்த விதிப்படி கழித்தார்கள் என்று விளக்கிய கடிதம் வந்தது. அது நியாயமாகவே இருந்ததால் ஏற்றுக்கொண்டேன்.

நிறுவனம் ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி அளிக்காவிட்டாலோ அடுத்த படி காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பார்கள், நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். அவர் கொடுக்கும் தீர்ப்பை நிறுவனம் 30 நாள்களுக்குள் நிறைவேற்றாவிட்டால் புகார்தாரருக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பதையும் 2024 சுற்றறிக்கை உறுதி செய்கிறது. அங்கே போனால் முதலில் கேட்கப்படுவது நீங்கள் நிறுவனத்துக்கு எழுதிய கடிதமும் அதற்கு வந்த பதிலும்தான். தொலைபேசியில் எத்தனை முறை பேசியிருந்தாலும் அது கணக்கில் வராது. ஆகவே கால் சென்டரில் பேசி முடித்த உடனே, இன்ன நேரத்தில் பேசினேன், இன்ன பதில் சொன்னீர்கள் என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடும் பழக்கத்தை நான் ஏற்படுத்திக்கொண்டேன்.

பணம் தீர்ந்துவிட்டது, நேரம் பற்றிய என் புகார் தீரவில்லை. க்வெரி கேட்டால் கடிகாரம் நிற்குமா நிற்காதா என்பதைச் சுற்றறிக்கையின் வாசகத்தைச் சுட்டிக்காட்டித் தெளிவுபடுத்தக் கோரி ஐதராபாத்தில் உள்ள ஆணையத்தின் தலைமையகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறேன். அம்மா இப்போது வாக்கர் இல்லாமல் வாசல் வரை நடக்கிறார். கோலத்தை மருமகள் போடுகிறார், அம்மா நாற்காலியில் உட்கார்ந்து புள்ளி எண்ணிச் சொல்கிறார். பூஜை அறை அலமாரியில் அந்த அட்டைக்குப் பக்கத்தில், அப்பா, அம்மா இருவருடைய மருந்துப் பட்டியலும் ஒவ்வொரு நோயும் கண்டறியப்பட்ட தேதியும் பாலிசி தொடங்கிய தேதியும் எழுதிய ஒரு தாள் இருக்கிறது. அதன் நகல் என் பர்ஸிலும் மனைவியின் கைப்பையிலும் இருக்கிறது.